கைத்தொலைபேசியும் நமது தமிழ் வழக்கும்

ஆண்டுக்கொரு முறை கைத்தொலைபேசிகளுக்குப் புதுப்பதிப்பு வருகின்றது. கூகிள் நிறுவனம் தனது அன்ட்ரொயிட் மென்பொருளின் 16ஆம் பதிப்பை 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியிட்டது. அப்பிள் நிறுவனமோ அவ்வாண்டு செப்டெம்பரில், 18ஆம் எண்ணிலிருந்து ஒரே பாய்ச்சலில் 26க்குத் தாவி, ஐ.ஓ.எஸ். 26 என்னும் பதிப்பை வெளியிட்டது. கருவியின் உறுப்புகள் யாவற்றையும் ஆட்டிவைக்கும் இத்தகைய அடிப்படை மென்பொருளுக்கு நமது பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்று பெயர் சூட்டியுள்ளன. 'இயங்குதளம்' என்பாரும் உளர். சொல் சிறிதாக இருப்பதாற் பின்னதையே இக்கட்டுரையிற் கையாளுகின்றேன்.

புதிய இயங்குதளம் வரப்போகின்றது என்ற செய்தி பரவியதும், 'இதிலே இன்ன வசதி இருக்க வேண்டும்' என்று அபிப்பிராயம் சொல்லாதவர் இல்லை. ஆசிரியர் அறையிலே தேநீர் வேளையில் எழும் இவ்விவாதங்களை நான் பல தடவை கேட்டிருக்கின்றேன். மின்கலம் மாலைவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பார் ஒருவர். படங்களும் பாட்டுகளும் இடத்தை அடைத்துக்கொள்ளாதிருக்க வழி வேண்டும் என்பார் மற்றொருவர். முன்பின் அறியாதார் அழைத்துத் தொல்லை தருவதைத் தடுக்க வேண்டும், திருடன் கையிற் சிக்கினாற் கருவி தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும், படமெடுக்கும் திறன் பெருக வேண்டும் என்று ஆசைகள் நீண்டுகொண்டே போகும். இவற்றை நான் இகழவில்லை. பகலெல்லாம் வகுப்பிலே நின்றுவிட்டு, வீடு செல்லும் பஸ்ஸில் அவசரச் செய்தி ஒன்று சொல்ல முயலும்போது மின்கலம் கண்ணை மூடிவிட்டால் எவருக்குத்தான் கோபம் வராது?

ஆயினும், தமிழாசிரியர்களும் எழுத்தாளர்களும் கூடியிருக்கும் அவ்வறையிலே, 'இந்தக் கருவி தமிழை இன்னும் ஒழுங்காக அறிந்திருக்க வேண்டும்' என்று விரும்பியவர் ஒருவரையேனும் நான் காணவில்லை. நாள்தோறும் நாம் எழுதும் எழுத்திற் பெரும்பகுதி இன்று அந்தச் சிறு கண்ணாடியின்மேல் விரலால் எழுதப்படுகின்றது. மாணவரோ கொப்பியில் எழுதுவதிலும் பன்மடங்கு அதில் எழுதுகின்றனர். அப்படியிருக்க, நமது விருப்பங்களுள் மொழி கடைசி இடத்தைக்கூடப் பெறாதிருப்பது விந்தையே.

கேட்டாற் கிடைக்காது என்று அவநம்பிக்கை கொள்ளவும் காரணமில்லை. முற்காலத்து அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றிலே தமிழ் வெறும் கட்டங்களாகத் தோன்றியதையும், எழுத்துத் தோன்றினாலும் ஒற்றைக் கொம்பு மெய்யை விட்டு விலகிப் பின்னால் நின்றதையும் வாசகர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 2013இல் வந்த ஐ.ஓ.எஸ். 7ஆம் பதிப்பு, 'தமிழ் 99', 'அஞ்சல்' ஆகிய இரு விசைப்பலகைகளை உடன்கொண்டு வந்தது. இவற்றுள் அஞ்சல், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ஆக்கியளித்தது. 2014இல் வந்த அன்ட்ரொயிட் 5ஆம் பதிப்பிலே, கருவியின் கட்டளைகள் யாவும் தமிழிற் காட்டப்படும் நிலை உண்டாயிற்று. சிங்களமும் தமிழும் ஒரே பதிப்பில், ஒரே நாளில் அப்பேற்றைப் பெற்றன என்பது நம்நாட்டார் நினைவிற் கொள்ளத்தக்கது. ஐபோனின் கட்டளைகள் தமிழுக்கு வர 2025ஆம் ஆண்டின் 18.4ஆம் பதிப்புவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பதினோராண்டு இடைவெளி! எனினும் வந்துவிட்டது. ஆகவே, புதுப்பதிப்பு என்பது படமெடுக்கும் வித்தைகளை மட்டும் சுமந்து வரும் பெட்டி அன்று. மொழிக்குரிய உரிமைகளும் அதே பெட்டியிலேதான் வந்து இறங்குகின்றன.

இனி, வந்திறங்கிய தமிழ் எத்தகையது என்று பார்ப்போம். அன்ட்ரொயிட் கருவியில் மொழியைத் தெரிவு செய்யும் இடத்துக்குப் போய்த் 'தமிழ்' என்பதைத் தொட்டால், இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடுகளின் பட்டியல் விரியும். நமது நாட்டின் பெயரை அங்கே கண்டதும் மனம் மகிழ்கின்றது. 'தமிழ் (இலங்கை)' என்பதைத் தெரிந்தெடுத்துவிட்டு நாட்காட்டியைத் திறந்தால் மகிழ்ச்சி குன்றிவிடுகின்றது. அங்கே 'பிப்ரவரி' இருக்கின்றது, 'அக்டோபர்' இருக்கின்றது. பெப்ரவரியும் ஒக்டோபரும் இல்லை.

இதன் காரணம் மறைபொருளன்று. நாட்களின் பெயர், மாதங்களின் பெயர், பணத்தின் குறியீடு, நேரம் எழுதும் முறை முதலியவற்றை ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தொகுத்து வைத்திருக்கும் பெருங்களஞ்சியம் ஒன்று உண்டு. யுனிகோட் ஒன்றியம் அதனைப் பேணி வருகின்றது. சி.எல்.டி.ஆர். என்பது அதன் பெயர்ச்சுருக்கம். அப்பிள், கூகிள் முதலிய நிறுவனங்கள் யாவும் அதிலிருந்தே அள்ளிக்கொள்கின்றன. தமிழ் என்னும் பொதுத் தலைப்பின்கீழ் அங்கே பதிவாகியிருப்பது தமிழகத்து வழக்கு. இலங்கைத் தமிழ் என்று தனியே பிரித்து எழுதப்பட்டிருப்பவை மிகச் சில. ரூபாவுக்கு நாம் இடும் குறியும், 24 மணிக் கணக்கில் நேரம் காட்டும் முறையுமே அவற்றுட் குறிப்பிடத்தக்கன. ஏனைய யாவும் பொதுத் தலைப்பிலிருந்து அப்படியே இறங்கி வருகின்றன. வீட்டு வாசலிலே நமது பெயர்ப்பலகை தொங்குகின்றது. உள்ளே தளபாடம் அயல்வீட்டாருடையது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'அக்டோபர்' பிழையென்றோ 'ஒக்டோபர்' தூயதென்றோ நான் வாதிடவில்லை. இரண்டும் ஒரே அந்நியச் சொல்லின் இரு வேறு ஒலிபெயர்ப்புகள். ஆங்கில ஒலியை நமது முன்னோர் ஒருவாறு செவிமடுத்தனர். அக்கரையார் வேறொருவாறு செவிமடுத்தனர். இருவர் செவியும் பழுதில்லாதவையே. ஆனால், நமது பாடநூலிலே ஒரு வடிவத்தைப் படித்த பிள்ளை, தன் கையிலுள்ள கருவியிலே நாளொன்றுக்கு நூறு தடவை மற்ற வடிவத்தைப் பார்க்கின்றது. பின்னர் கட்டுரைக் கொப்பியிலே 'அக்டோபர்' என்று எழுதுகின்றது. ஆசிரியர் சிவப்பு மையாற் சுழித்துவிடுகின்றார். 'ரெலிபோனில் அப்படித்தானே இருக்கிறது, சேர்' என்று பிள்ளை கேட்டால் ஆசிரியர் என்ன விடை சொல்வார்? பாடநூல் சொல்வதை நம்புவதா, கருவி சொல்வதை நம்புவதா என்ற போட்டியிலே பாடநூல் வெல்லும் என்று எண்ணுவோர் பிள்ளைகளை அறியாதவர்கள்.

மாதப் பெயர் சிறு விஷயம். சொற்களுக்கு வந்தாலோ சங்கடம் பெரிது. இரண்டெழுத்து எழுதியவுடன் முழுச் சொல்லையும் ஊகித்துத் தரும் வசதியும், பிழையெனத் தான் கருதுவதைத் தானே திருத்திவிடும் வசதியும் இப்பொழுது எல்லாக் கருவிகளிலும் உள்ளன. நல்ல வசதிகள்தாம். ஆனால் 'கதிரை' என்று நாம் எழுத விரும்பும்போது கருவி 'கதிர்' என்கின்றது; 'கதைக்கிறோம்' என்பதற்குக் 'கதை' என்னும் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகின்றது. திறப்பு, வாங்கு, சவர்க்காரம், குசினி, தேசிக்காய் என நமது வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்களுட் சில கருவிக்குத் தெரியாதன. சில தெரிந்தும் வேறு பொருளில் தெரிந்தவை. 'வாங்கு' என்றால் அது கடைக்குப் போகச் சொல்வதாகவே கொள்கின்றது. வகுப்பறையில் மாணவர் அமரும் பலகை அதன் கற்பனைக்கு எட்டுவதில்லை.

சென்ற ஆண்டு என் நண்பர் ஒருவரிடமிருந்து, 'நாளை காலை வெளியிடுகிறோம்' என்று செய்தி வந்தது. அவர் பத்தாண்டுகளாகத் தமது சிறுகதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவர எண்ணியிருப்பவர். ஈற்றில் நூல் அச்சேறிவிட்டதென்று மகிழ்ந்து பாராட்டு அனுப்பினேன். அவரோ 'நாளை காலை வெளிக்கிடுகிறோம்' என்றுதான் எழுதினாராம். குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்படும் செய்தியை, கருவி நூல் வெளியீடாக மாற்றிவிட்டது. நாங்கள் இருவரும் சிரித்தோம். ஆனாற் பின்னர் அவர் சொன்ன ஒரு வார்த்தை என் மனத்திற் பதிந்துவிட்டது. 'இப்போது நான் புறப்படுகிறோம் என்றே எழுதிவிடுகிறேன். யார் அதனோடு மல்லுக்கு நிற்பது?' என்றார். யாழ்ப்பாணத்துப் பேச்சைத் தமது கதைகளிலே பிடிவாதமாக எழுதி வந்த ஒருவரே இப்படிச் சொல்கின்றார். எந்தச் சட்டமும் எந்த அதிகாரியும் அவரிடமிருந்து பறிக்காத சொல்லை, ஒரு சிறு வசதி பறித்துவிட்டது. அதுவும் அவருக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு!

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நமது எழுத்தாளர்கள் மண்வாசனை என்றும் தேசிய இலக்கியம் என்றும் முழங்கியபோது, உரையாடலிலே பேச்சுத்தமிழ் வரலாமா கூடாதா என்று பண்டிதர்களோடு மோத வேண்டியிருந்தது. இழிசனர் வழக்கு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்போர் நேருக்கு நேர் நடந்தது. இரு பக்கத்திலும் மனிதர் இருந்தனர். வாதமும் எதிர்வாதமும் அச்சேறின. இன்று எதிரே நிற்பது வாதம் செய்யாத ஒன்று. அது உங்கள் சொல்லைக் கண்டிப்பதில்லை. மெல்ல மாற்றிவைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றது.

ஆதலால் அடுத்து வரும் இயங்குதளத்திடம் நான் எதிர்பார்ப்பது இதுவே: இலங்கை என்று தெரிந்தெடுத்தவனுக்கு இலங்கைச் சொற்களை அது தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒருவன் ஒரு சொல்லை மூன்று முறை எழுதினால், அதனைப் பிழையென்று கருதாது அவன் வழக்கென்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பேசுவதைக் கேட்டு எழுதும் வசதிக்கும் இது பொருந்தும். கூகிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டிலே தமிழுக்கு அவ்வசதியைக் கொண்டுவந்தது. நாட்டுப் பட்டியலில் அங்கும் இலங்கை உண்டு. எனினும் மட்டக்களப்பின் இழுவையையும் மலையகத்தின் ஓசையையும் வன்னியின் பேச்சையும் ஒருங்கே விளங்கிக்கொள்ளும் செவி அதற்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதே என் அநுபவம். செய்தி வாசிப்பவர்போற் பேசினால் நன்றாக எழுதுகின்றது. வீட்டில் எவர் அப்படிப் பேசுகின்றனர்?

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவியிலே ஒருவரின் இலக்கத்தைப் பதியப் போனால், முதற்பெயர் என்ன, குடும்பப்பெயர் என்ன என்று அது கேட்கின்றது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தையின் பெயரின் தலையெழுத்தை முன்னே வைத்து நம் பெயரைப் பின்னே வைப்பது நம் மரபு. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, செ. கணேசலிங்கன், வ. அ. இராசரத்தினம் என்றுதான் நமது நூலட்டைகள் பேசுகின்றன. இப்படியே பதிந்தால், கருவி தந்தையின் எழுத்தைக் கொண்டு ஆட்களை வரிசைப்படுத்துகின்றது. 40 மாணவரின் பெற்றோரை இவ்வாறு பதிந்துவைத்த ஆசிரியர் ஒருவர், அவசரத்துக்கு ஒரு பெயரைத் தேடும் பாட்டைப் பார்த்தால் இரக்கம் வரும். நமது நூலகர்கள் இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 'கைலாசபதி, க.' என்று அட்டையில் எழுதினார்கள், வரிசை ஒழுங்காயிற்று. ஓரெழுத்தும் புள்ளியும் முன்னே வந்தால் அது தலையெழுத்து என்று உணர்ந்துகொள்ள ஒரு கருவிக்குப் பெரும் புலமை வேண்டியதில்லை.

அழிக்கும் விசையைப் பற்றி இன்னும் சிலர் குறைப்படுவர். 'கி' என்பதை அழிக்க முயன்றால் விசிறி மட்டும் போய்க் 'க' நின்றுவிடுகின்றதே என்பது அவர்கள் குறை. யுனிகோட் முறையிலே உயிர்மெய் ஓரெழுத்தாக அன்றி இரு குறிகளாகச் சேமிக்கப்படுவதன் விளைவு இது. எனக்கு இதிற் பெரிய வருத்தமில்லை. குறிலை நெடிலாக்கும்போது உதவியாகவும் இருக்கின்றது. வேண்டியவர் வேண்டியவாறு வைத்துக்கொள்ள ஒரு தெரிவு இருந்தாற் போதும்.

எழுத்து யந்திரத்தைத் தமிழுக்கு வளைத்த கதை நம்மவர்களுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிலே தொழில் பார்த்த ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்கென்று அமைந்த தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு, தமிழின் புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைமேல் ஏறும்படி நகராத விசைகளை அமைத்தார். பொறிக்கு ஏற்பத் தமிழைக் குறைக்க அவர் எண்ணவில்லை. தமிழுக்கு ஏற்பப் பொறியைத் திருத்தினார். நமது நாடு கணினித் தமிழுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தையும் 2008இல் வகுத்தது. இரங்கநாதன் விசைப்பலகை எனப்படுவது அந்நியமத்துக்குரியது. ஐபோனுக்கு 2013இல் வந்த இரு விசைப்பலகைகளுள் அது இல்லை என்பதை மேலே கூறியவற்றிலிருந்தே வாசகர் அறிவர்.

இவ்வளவும் கிடைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். யாருக்குக் கிடைக்கும்? இக்கேள்வியைக் கேளாது வசதிகளைப் பற்றிப் பேசுவது பந்தியில் இல்லாதவனுக்குப் பாயசத்தின் சுவையைச் சொல்வது போன்றது. 2023இல் கூகிள் தனது பிக்சல் 8 கருவிக்கும், 2024இல் சாம்சுங் தனது கலக்சி எஸ் 24 கருவிக்கும் ஏழாண்டுகள் புதுப்பதிப்பு வழங்குவதாக வாக்களித்தன. அவை விலையுயர்ந்த கருவிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டு யூன் 20ஆம் தேதி முதல், ஒரு கருவியின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு அதன் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்று விதித்துள்ளது. ஐரோப்பியக் கடைகளுக்கு அது பொருந்தும். நமது கிராமத்துப் பிள்ளையின் கையிலிருப்பதோ மலிவாக வாங்கியது. அல்லது வெளிநாட்டு மாமா பாவித்து முடித்து அனுப்பியது. அல்லது அண்ணன் பாவித்து, அக்கா பாவித்து, கண்ணாடி வெடித்த நிலையிலே தம்பிக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் புதுப்பதிப்பு வருவது எப்போதோ நின்றுபோயிருக்கும்.

2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிலே நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, அத்தகைய கருவிகளைக் கொண்டே நம் பிள்ளைகள் படித்தனர். மரத்தடியிலும் மேட்டு நிலத்திலும் அலை கிடைக்கும் இடந்தேடிப் போன பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவார்கள். பாடக் குறிப்பை அனுப்பினால், 'சேர், என்ரை போனில திறக்குதில்லை' என்று விடை வரும். பழைய இயங்குதளத்திலே புதிய செயலிகள் ஓடமாட்டா. தமிழ் திருந்தினாலும் அத்திருத்தம் அக்கருவியை எட்டாது. எனவே மொழியைப் பற்றிய ஆசையும் ஆயுளைப் பற்றிய ஆசையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எழுத்துருவையும் சொற்பட்டியலையும் மாதப் பெயர்களையும் இயங்குதளத்திலிருந்து பிரித்து, பழைய கருவிகளுக்கும் தனியே அனுப்பி வைக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து. இயலாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். சிரிக்கும் முகமும் அழும் முகமுமாகப் பிள்ளைகள் அனுப்பிக்கொள்ளும் முகக்குறிகளுக்கு 2021இல் வந்த அன்ட்ரொயிட் 12ஆம் பதிப்பு இத்தகைய வழியைத் திறந்துவிட்டது. இயங்குதளம் முழுவதையும் மாற்றாமலே புதிய முகங்கள் வந்துவிடுகின்றன. மஞ்சள் முகத்துக்குக் கிடைத்த சலுகை மாதப் பெயருக்கும் கிடைக்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதும் நாம் எண்ணுமளவுக்கு இருண்ட விஷயமன்று. மேலே சொன்ன களஞ்சியத்திலே திருத்தம் முன்மொழியவும் வாக்களிக்கவும் வெளியார்க்கும் வழியுண்டு. தரவு சேர்ப்பதற்கென்று குறித்த காலமும் ஒதுக்கப்படுகின்றது. தனியொருவரின் வாக்கைவிட அமைப்புகளின் வாக்குக்கு நிறை கூட. நமது இலக்கிய வட்டங்களும் ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நினைத்தால் ஒரு மாதத்தில் முடிக்கக்கூடிய காரியம் இது. பொன்னாடை போர்த்தும் விழாக்களுக்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பங்கு போதும். வீட்டுச் சொல்லும் வயற்சொல்லும் கடற்சொல்லுமாக ஆயிரம் சொற்களைத் திரட்டித் தருவது நமது உயர்தர வகுப்பு மாணவர்களுக்கே எளிது.

ஆனால் அங்கே போய் நிற்பதற்கு முன்பு நாம் நமக்குள்ளே முடிவு செய்ய வேண்டிய ஒன்றுண்டு. இலங்கை வழக்கு இதுவே என்று எதனைக் கொடுக்கப் போகின்றோம்? ஒக்டோபரிலும் பெப்ரவரியிலும் நமக்குள் பெரும்பாலும் இணக்கம் உண்டு. 'ஜனவரி'யா, 'சனவரி'யா? 'செப்டெம்பர்' என்பாரும் 'செப்தெம்பர்' என்பாரும் 'செப்டம்பர்' என்பாரும் நம்மிடையே உளர். 'ஓகஸ்ட்' என்று ஒரு பத்திரிகை எழுத, 'ஆகஸ்ட்' என்று மற்றொன்று எழுதுகின்றது. 'டிசெம்பர்', 'திசெம்பர்' வழக்கும் அவ்வாறே. இவையெல்லாம் வேண்டா, சனவரியைத் தை என்றே சொல்வோம் என்று கிளம்பும் அன்பர்களும் இருக்கின்றனர். கிராமத்திலே பலர் அப்படித்தான் சொல்கின்றனர் என்பதும் உண்மை. இக்கட்டுரையில் நான் 'யூன்' என்று எழுதியிருக்கின்றேன். பத்திரிகைக் காரியாலயத்திலே அதனை 'ஜூன்' என்று திருத்தி அச்சிட்டாலும் நான் வியப்படையமாட்டேன்.